எம்.ஜி.பி.யில் புது வகை ஆயில் ஃபில்டர் மாட்டிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களான எம்.ஜி.ஏ.வோ தொடக்ககால எம்.ஜி.பி.யோ வைத்திருப்பவர்களுக்கு ஆயில் ஃபில்டர் மாற்றுவது எவ்வளவு எரிச்சலான வேலை என்று சொல்லத் தேவையில்லை. எஞ்சினின் வலப்பக்கத்தில் ஓர் இரும்பு டப்பா தொங்கும். அதை அடியிலிருந்து நீளமான ஒரே போல்ட் பிடித்திருக்கும். கழற்றினால் ஃபில்டர் கட்டை, ஸ்பிரிங், தட்டு, வாஷர்கள் எல்லாம் கையோடு வரும். எண்ணெய் முழங்கை வரை வழியும். அதனால்தான் பலரும் டப்பாவைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ஓர் அடாப்டரைப் போட்டு, இன்றைய கார்களில் இருப்பதுபோல் கையால் திருகும் ஃபில்டருக்கு மாறுகிறார்கள். நல்ல மாற்றம்தான், தயங்காமல் செய்யலாம்.

ஆனால் இந்த அடாப்டர் கிட் மாட்டிய வண்டிகள் எங்கள் பட்டறைக்குத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிப் புகார்களோடு வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை எஞ்சின் கோளாறே இல்லை. ஒரு ரப்பர் வளையம், ஒரு மரை, ஒரு வால்வு, இந்த மூன்றில் ஒன்றில்தான் விஷயம் இருக்கும். எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் ஆளை நம்புவதற்கு முன் கீழே உள்ளதை வரிசையாகப் பார்த்துவிடுங்கள். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணத்தில் தொடங்கி, செலவு வைக்கும் காரணம் வரை போயிருக்கிறேன்.

அம்பாசடரில் கைவைத்துப் பழகியவர்களுக்கு இந்த எஞ்சின் புதிதல்ல. 1959 முதல் அம்பாசடரில் வந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் எம்.ஜி.ஏ. 1500-இன் எஞ்சினும் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் ஒரே பி-சீரிஸ் குடும்பம். எம்.ஜி.பி.யில் அது 1798 சி.சி. ஆனது. இங்கே எழுதியிருப்பது எம்.ஜி.பி.யை வைத்துத்தான், ஆனால் எம்.ஜி.ஏ. காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

## கைவைக்கும் முன்

பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள். ஃபில்டருக்கு மிக அருகில்தான் செல்ஃப் மோட்டார் இருக்கிறது. அதன் தடித்த வயர் முனையில் ஸ்பேனர் பட்டால் தீப்பொறி பறக்கும். 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பிளஸ்தான் பாடியில் எர்த். ஆகவே பழக்கத்தில் மைனஸைத் தேடாமல், பாடியோடு சேர்ந்திருக்கும் முனை எது என்று பார்த்துக் கழற்றுங்கள்.

வண்டிக்கு அடியில் போகிறீர்கள் என்றால் ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம், ஸ்டாண்ட் போடுங்கள். எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிக்க வேண்டாம்.

இன்னொன்று. கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும், எஞ்சின் ஓடும்போது எண்ணெய் அழுத்தம் காட்டும் கேஜின் முள் பூஜ்யத்தில் விழுந்தால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள். ‘வீடு வரைக்கும் ஓட்டிவிடலாம்’ என்பது பேரிங்கைக் காலி செய்யும் வழி.

## அறிகுறி: ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் கொட்டுகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். சொட்டுவது அல்ல, கொட்டுவது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் சம்ப்பில் (எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியில்) உள்ளதில் பெரும்பகுதி சிறிது நேரத்திலேயே தரைக்கு வந்துவிடும். அணைத்துவிட்டு, துடைத்துவிட்டு, இந்த வரிசையில் பாருங்கள்.

பழைய ஃபில்டரின் ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அடாப்டர் ஏற்கெனவே இருந்து, நீங்கள் ஃபில்டரை மட்டும் மாற்றினீர்கள் என்றால் முதலில் இதைப் பாருங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் அடாப்டரிலேயே தங்கிவிடும். அதன் மேல் புது ரப்பர் உட்கார்ந்தால் இரண்டும் வழுக்கிப் பிதுங்கும். கழற்றிய பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதில் ரப்பர் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

தலைப்பகுதியின் காடிக்குள் பழைய வளையம் இருக்கிறதா? புதிதாக கிட் போட்ட வண்டியில் எண்ணெய் கொட்டினால், பெரும்பாலும் காரணம் இதுதான். எஞ்சின் பிளாக்கில் பொருத்திய ஃபில்டர் தலையில், வட்டமாக ஓர் ஆழமான காடி உண்டு. பழைய டப்பாவின் விளிம்பு அதற்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில்தான் அழுந்தி உட்கார்ந்திருக்கும். வருடக்கணக்கில் சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்த வளையம் கருத்து, இறுகி, காடியின் அடித்தளம் போலவே ஆகிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தாலும் கண்ணுக்கு உலோகமாகவே தெரியும். முன்பு யாரோ சோம்பலில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வளையம் போட்டு வைத்த தலைகளும் உண்டு.

கண்ணை நம்பாதீர்கள். தையல் ஊசியையோ கூர்மையான கீறுகோலையோ எடுத்து, காடியின் அடியில் சுற்றிலும் பல இடங்களில் குத்திப் பாருங்கள். ஊசி துளியாவது இறங்கினால் அது ரப்பர். ‘டக்’கென்று நின்றால் உலோகம். ஓர் இடத்தில் நின்றது என்று விட்டுவிடக் கூடாது. பாதி வளையம் பிய்ந்து வந்து, மீதி உள்ளேயே தங்கியிருக்கும். ரப்பர் இருந்தால் ஊசி முனையை அதன் வெளி ஓரத்தில் நுழைத்து நெம்பி, ஒரு முனையை வெளியே எடுத்துவிட்டால் பிறகு இழுக்க இழுக்க வந்துவிடும். இறுகிப்போயிருந்தால் துண்டு துண்டாகத்தான் வரும். பொறுமையாக எடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் காடியின் தளத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாகவே அப்புறம் எண்ணெய் கசியும்.

எடுத்து முடித்ததும் பனியன் வேஸ்ட்டைப் பெட்ரோலில் நனைத்து, விரலால் காடியைச் சுற்றித் துடையுங்கள். வழவழப்பாக ஒரே மட்டமாகத் தட்ட வேண்டும்.

புது வளையம் சரியானதா, நேராக உட்கார்ந்ததா? சில கிட்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வளையங்கள் வரும். தலையின் வகைக்கு ஏற்ப ஒன்றைத்தான் போட வேண்டும். காடியில் வைத்துப் பார்க்கும்போது இழுத்துப் பிடித்தோ தளர்ந்தோ நிற்கக் கூடாது, தானாக உட்கார வேண்டும். சதுர வெட்டு உள்ள வளையம் உருண்டு முறுக்கிக்கொள்ளும். அதனால் உட்கார வைத்த பிறகு ஒரு முறை சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். கீழிருந்து மாட்டும்போது விழாமல் இருக்க, காடியில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒட்டவையுங்கள். சிலிக்கான் பேஸ்ட் மட்டும் வேண்டாம். பிதுங்கி உள்ளே போகும் துணுக்கு எண்ணெய்த் துவாரத்தை அடைக்கும்.

அடாப்டர் நடுவில் உட்கார்ந்ததா? நடு போல்ட்டை இறுக்கும்போது அடாப்டரைக் கையால் மேலே அழுத்தி, இலேசாக அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டே இறுக்குங்கள். விளிம்பு காடிக்குள் இறங்குவது கைக்குத் தெரியும். பக்கத்தில் ஏதாவது குழாயிலோ கம்பியிலோ இடித்துக்கொண்டு நின்றால், போல்ட் இறுகியதுபோல் தோன்றும், ஆனால் ஒரு பக்கம் இடைவெளி இருக்கும். பழைய டப்பாவின் போல்ட்டுக்குச் சொல்லப்பட்ட அளவு 15 பவுண்டு-அடி அளவில்தான். கிட்டோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்குவதால் எந்தப் பயனும் இல்லை, தலையின் மரைதான் பிய்யும்.

ஃபில்டரின் மரை வேறா? இதைத் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலான அடாப்டர்களில் இருப்பது முக்கால் அங்குல யு.என்.எஃப். மரை, அங்குலத்துக்கு 16 சுற்று. கடையில் கிடைக்கும் பல ஃபில்டர்களில் 20 மி.மீ. மரை, 1.5 மி.மீ. இடைவெளி. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ. சுற்றுகளின் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் மில்லிமீட்டர் ஃபில்டர் அங்குல ஸ்டட்டில் ஏறிவிடும், ரப்பர் தட்டியதும் இறுகியதுபோலவும் இருக்கும். ஆனால் மரையின் நுனிகள் மட்டுமே பிடித்திருக்கும். குளிர்ந்த எண்ணெயின் அழுத்தம் வந்ததும் அது நழுவும், மோசமானால் ஃபில்டரே கழன்று விழும். சோதிப்பது எளிது: ரப்பர் அடாப்டரைத் தொடுவதற்கு முன், பாதி திருகிய நிலையில் ஃபில்டரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தளதளவென்று ஆடினால் அது உங்கள் ஃபில்டர் இல்லை. கடைக்காரர் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்றாலும் வாங்காதீர்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது? காடியின் தளத்தில் ஆழமான கீறலோ அரிப்போ இருந்தால், தலையில் விரிசல் தெரிந்தால், நடு போல்ட்டின் மரை பிய்ந்திருந்தால். மரையை லேத் பட்டறையில் ஹெலிகாயில் (பிய்ந்த மரைக்குள் செருகும் கம்பிச் சுருள்) போட்டுக் காப்பாற்றலாம். விரிசல் என்றால் வேறு தலைதான்.

## அறிகுறி: ஓடும்போது சரி, நிறுத்தினால் சொட்டுகிறது

முதலில் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர். எஞ்சினின் வலப்பக்கத்தை முழுதாகத் துடைத்துக் காயவைத்து, டால்கம் பவுடர் தூவுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு டார்ச் அடியுங்கள். பவுடரில் ஈரக் கோடு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். முடிகிற இடம் முக்கியமில்லை, தொடங்குகிற இடம்தான்.

கோடு மேலேயிருந்து வந்தால் ஃபில்டரை விட்டுவிடுங்கள். எஞ்சின் உச்சியில் உள்ள மூடியான ராக்கர் கவரின் கேஸ்கட் கசிந்தால் அந்த எண்ணெய் அடிவரை இறங்கி ஃபில்டரின் அடியில்தான் சொட்டாக நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டர் அடியையும் பாருங்கள்.

கோடு குழாய் நட்டில் தொடங்கினால் நட்டை இறுக்குங்கள், ஆனால் இரண்டு ஸ்பேனரோடு: ஒன்று நட்டில், இன்னொன்று அது ஏறும் யூனியனில். ஒரே ஸ்பேனரால் இழுத்தால் ஆயில் கூலரின் யூனியன் முறுக்கிக் கிழியும். கூலர் விலை கிட்டின் விலையைவிட அதிகம். எம்.ஜி.பி.யில் எண்ணெய் பிளாக்கின் பின்பக்கத்திலிருந்து கிளம்பி, முன்னால் உள்ள கூலருக்குப் போய், அங்கிருந்துதான் ஃபில்டர் தலைக்கு வரும். கூலர் இல்லாத வண்டியில் நேர்க் குழாய் இருக்கும். கிட் மாட்டும்போது இந்தக் குழாய்கள் ஆட்டப்பட்டிருக்கும், அதனால் அங்கே கசிவு புதிதாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

கோடு அடாப்டருக்கும் ஃபில்டருக்கும் நடுவில் தொடங்கினால்: ஃபில்டர் ரப்பரில் எண்ணெய் தடவினீர்களா? தடவாமல் உலர்ந்தபடி திருகினால் ரப்பர் சுருண்டு மடியும். கழற்றி, தடவி, ரப்பர் தொட்ட பிறகு கையாலேயே இன்னும் முக்கால் சுற்று இறுக்குங்கள்.

கோடு நடு போல்ட்டில் தொடங்கினால் அதன் வாஷர். செம்பு வாஷரைத் திரும்பப் பயன்படுத்தியிருந்தால் புதிது போடுங்கள்.

கோடு தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் தொடங்கினால் அந்த கேஸ்கட் போய்விட்டது. விலை அதிகமில்லை, ஆனால் தலையைக் கழற்ற வேண்டும். கழற்றியதோடு அதன் முகத்தைக் கண்ணாடித் தகட்டின் மேல் எமரி தாள் வைத்து ஒரு முறை தேய்த்துப் பாருங்கள். மட்டமில்லாத இடம் உடனே தெரியும். தேய்த்த பிறகு தலையைப் பெட்ரோலில் நன்றாக அலசி, எமரித் தூள் ஒரு துளியும் உள்ளே தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: கேஜ் முள் எழவே இல்லை

கிட் மாட்டி முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது வருவது. பயமாக இருக்கும், பெரும்பாலும் காற்றுதான் காரணம். ஆனாலும் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கக் கூடாது.

டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். எம்.ஜி.பி. சம்ப்புக்குச் சொல்லப்பட்ட அளவு ஏறக்குறைய 4.26 லிட்டர், ஆயில் கூலர் இருந்தால் அதற்குத் தனியாக இன்னும் கொஞ்சம். புது ஃபில்டர் பழைய டப்பாவின் அளவிலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே லிட்டர் கணக்கைவிட ஸ்டிக்கின் மேல் கோட்டை நம்புங்கள். ஓடி நின்ற பிறகு மறுபடியும் பாருங்கள்.

அளவு சரி என்றால், ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றுங்கள். காயிலின் வயரைப் பிடுங்குங்கள். கழற்றிய எர்த்தை மாட்டிவிட்டு செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடி போதும், நடுவில் மோட்டாரை ஆறவிடுங்கள். பிளக் இல்லாததால் எஞ்சின் இலகுவாகச் சுற்றும், பேரிங்குகளுக்குச் சுமை இல்லை. முள் மெல்ல எழுந்தால் பிரச்சினை முடிந்தது. பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்யலாம்.

வாய் மேலே பார்த்துத் தொங்கும் ஃபில்டர் என்றால் மாட்டும் முன்பே அதில் எண்ணெய் ஊற்றி நிரப்பிவிடலாம். ஒரேயடியாக ஊற்றாமல், காகிதம் குடிக்கக் குடிக்க ஊற்றுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே இந்த அறிகுறி பெரும்பாலும் வராது.

நாலைந்து தடவை அடித்தும் முள் அசையவில்லையா? பம்ப் எண்ணெய்ப் பிடிப்பை இழந்திருக்கலாம். பி-சீரிஸில் குழாய்களைக் கழற்றி வைத்தால் இது நடப்பது உண்டு. பிளாக்கின் பின்பக்கம் எண்ணெய் வெளியேறும் குழாயைக் கழற்றுங்கள். அந்தத் துவாரத்தில் எண்ணெய்க் குப்பியால் எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க, இன்னொருவர் நான்காவது கியரில் வண்டியை மெல்லப் பின்னால் தள்ளட்டும். எஞ்சின் தலைகீழாகச் சுற்றும், பம்ப்பும் தலைகீழாகச் சுற்றி எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். துவாரத்தில் எண்ணெய் இறங்குவது கண்ணுக்கே தெரியும். பிளக்குகள் கழன்றே இருக்க வேண்டும், தள்ளுவதற்கு அப்போதுதான் எளிது. குழாயை மாட்டிவிட்டு மறுபடி செல்ஃப் அடியுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் கேஜைச் சந்தேகப்படலாம். மெக்கானிக்கல் கேஜ் உள்ள வண்டியில் அதன் மெல்லிய குழாயைக் கேஜ் பக்கம் தளர்த்தி, அடியில் ஒரு துணி வைத்து, செல்ஃப் அடியுங்கள். எண்ணெய் வந்தால் அழுத்தம் இருக்கிறது, கேஜ்தான் பழுது. வராவிட்டால் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது உண்மையிலேயே அழுத்தம் இல்லை. ராக்கர் கவரைக் கழற்றிப் பார்த்தாலும் தெரியும்: அடித்துக்கொண்டே இருந்தால் சற்று நேரத்தில் ராக்கர்களில் எண்ணெய் ஊற வேண்டும்.

அடாப்டரையும் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் வரும் வழி, போகும் வழி இரண்டும் திறந்திருக்கின்றனவா, வேறு எஞ்சினுக்கான அடாப்டர் வந்துவிட்டதா? ஊதினால் காற்று போக வேண்டும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது? இவ்வளவும் செய்து ராக்கரிலும் எண்ணெய் வரவில்லை என்றால். பம்ப்பை எடுக்க சம்ப்பை இறக்க வேண்டும். அதற்கு மேல் வீட்டு வேலை அல்ல. அதுவரை ஒரு நிமிடம்கூட எஞ்சினை ஓடவிடாதீர்கள்.

## அறிகுறி: காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் தட்டல், முள் தாமதமாக எழுகிறது

உங்கள் ஃபில்டர் எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய டப்பாவைப் போல் தொங்கினால் அதற்குள் எண்ணெய் தங்கும். ஆனால் பிந்தைய எம்.ஜி.பி.களில் ஃபில்டர் மேல்நோக்கி நிற்கும், வாய் கீழே பார்க்கும். கழற்ற வசதி என்று சில கிட்டுகளும் அப்படி வருகின்றன. ராத்திரி முழுக்க எண்ணெய் அதிலிருந்து வடிந்து சம்ப்புக்குப் போய்விடும். காலையில் பம்ப் முதலில் ஃபில்டரை நிரப்பிவிட்டுத்தான் பேரிங்குக்கு எண்ணெய் அனுப்பும். அந்த இடைவெளியில் கேட்பதுதான் அந்தத் தட்டல்.

இதற்கு மருந்து, வடிவதைத் தடுக்கும் வால்வு உள்ள ஃபில்டர். வாயைப் பார்த்தாலே தெரியும்: வெளி வட்டத்தில் உள்ள சிறு துவாரங்களுக்குப் பின்னால் ரப்பர் திரை ஒன்று இருக்கும். குச்சியால் மெல்ல அழுத்தினால் அமுங்கி, விட்டதும் திரும்ப மூடிக்கொள்ள வேண்டும். திரை இல்லாவிட்டால் அந்த ஃபில்டர் இந்த இடத்துக்கு ஆகாது, எவ்வளவு பெயர் பெற்ற கம்பெனியாக இருந்தாலும் சரி. திரை இருந்தும் வடிகிறது என்றால் வேறு ஃபில்டர் போட்டுப் பாருங்கள். இறுகிய ரப்பர் சரியாக மூடாது. சிலிக்கான் திரை உள்ளவை சூட்டில் அவ்வளவு சீக்கிரம் இறுகுவதில்லை.

ஃபில்டரை மாற்றியும் தட்டல் நிற்கவில்லை, சூடான பிறகும் கேட்கிறது என்றால் இது ஃபில்டர் சங்கதி இல்லை. ஒலி கீழேயிருந்து கனமாக வந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு எஞ்சின் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி: கிட் போட்ட பிறகு அழுத்தம் குறைந்துவிட்டது

இதைச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது: இதற்கு முன் சூடான எஞ்சினில், அதே வேகத்தில் முள் எங்கே நின்றது? பெரும்பாலும் பதில் இருக்காது. வேலை செய்த பிறகுதான் எல்லோரும் கேஜை உற்றுப் பார்க்கத் தொடங்குகிறார்கள். எம்.ஜி.பி.க்குச் சொல்லப்பட்ட அளவு, ஓடும்போது 50 முதல் 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), ஐடிலிங்கில் 10 முதல் 25. சூடான எஞ்சின், சிக்னலில் நிற்கும்போது 15-இல் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

இந்த வரம்புக்குக் கீழே என்றால்: என்ன எண்ணெய் ஊற்றினீர்கள்? புது ஃபில்டரோடு சேர்த்து இன்றைய கார்களுக்கான மெல்லிய எண்ணெயையும் ஊற்றிவிடுகிறார்கள். இந்த எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 தான். அதை மாற்றியதிலேயே முள் ஏறிவிடும் வண்டிகள் உண்டு.

எண்ணெய் சரி என்றால், வேறொரு நல்ல கேஜை மாட்டி ஒப்பிடுங்கள். பழைய கேஜ்கள் பொய் சொல்லும்.

அதற்கடுத்து, அழுத்தம் மிஞ்சினால் திறந்து எண்ணெயை வெளியே விடும் ரிலீஃப் வால்வு. எஞ்சினின் இடப்பக்கம், பின்புறம், குமிழ் போன்ற தலையுள்ள பெரிய நட் ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் ஸ்பிரிங் வரும், உள்ளே கிண்ணம் போன்ற ஒரு பிளஞ்சர். வேலை செய்தபோது கிளம்பிய துகள் அதன் இருக்கையில் சிக்கினால் வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் அந்த வழியே வீணாகும். பிளஞ்சரை மரக்குச்சியால் நெம்பி எடுங்கள். சுற்றிலும் கீறல் இருக்கிறதா, இருக்கையில் படும் வளையம் முழு வட்டமாகப் பளபளக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்கின் தனி நீளம் ஏறக்குறைய 3 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் புதிது போடுங்கள். அழுத்தம் ஏறட்டும் என்று ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் திணிப்பது பழைய தந்திரம். முள்ளை ஏற்றும், நோயை மறைக்கும். செய்யாதீர்கள்.

இதற்கு மேல் போனால் பேரிங் தேய்மானம். ஆனால் சம்ப்பை இறக்கும் முன், திருகும் ஃபில்டர் தரும் ஒரு வசதியைப் பயன்படுத்துங்கள்: பழைய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். வெட்டுவதற்கு ரம்பம் ஆகாது, அதன் இரும்புத்தூளே உள்ளே விழுந்து குழப்பும். ஃபில்டர் வெட்டும் கட்டர் அல்லது நல்ல டப்பா திறப்பான் போதும். காகிதத்தை விரித்து வெயிலில் பிடியுங்கள். கரி, கொஞ்சம் கருப்புச் சேறு இருப்பது இயல்பு. காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. ஒட்டாமல் வெள்ளியாக மின்னும் செதில்கள், அதோடு செம்பு நிறத் துணுக்குகள் தெரிந்தால் பேரிங் ஓடு உரிந்துவிட்டது. அந்தக் காகிதத்தை ஒரு பையில் போட்டு, எஞ்சின் கட்டுபவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள்.

## அறிகுறி: ஃபில்டர் டப்பா உப்பியிருக்கிறது

ஃபில்டரின் தரத்தைத் திட்டுவதற்கு முன் ரிலீஃப் வால்வைப் பாருங்கள். அது மூடியபடியே சிக்கிக்கொண்டால் குளிர்ந்த, கெட்டியான எண்ணெயை பம்ப் முழு வேகத்தில் தள்ளும், அழுத்தம் போக வழி இருக்காது. பலவீனமான இடமாக ஃபில்டர் உப்பும், ரப்பர் பிதுங்கும். கேஜ் முள் குளிரில் வழக்கத்தைவிட மிக மேலே போகிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும். பிளஞ்சரைச் சுத்தம் செய்து, அதன் துளையில் தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே புது ஃபில்டரை மாட்டுங்கள். துளை கீறியிருந்தால் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

## அறிகுறி: ஃபில்டர் கழலவில்லை, அல்லது அடாப்டரும் சேர்ந்து வருகிறது

அடுத்த சர்வீஸில் தெரியவரும் கோளாறு. ஃபில்டரை ஸ்பேனரால் இறுக்கினால்தான் இப்படி ஆகும். பெல்ட் போட்ட ஃபில்டர் ஸ்பேனரை டப்பாவின் அடியில் அல்ல, அடாப்டருக்கு ஒட்டிய ஓரத்தில் மாட்டுங்கள், அங்கேதான் தகடு கெட்டியாக இருக்கும். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே அடித்துத் திருப்புவது கடைசி வழி. தகடு கிழிந்தால் பிடிப்பதற்கு ஒன்றுமே மிஞ்சாது.

நடுவில் உள்ள மரைக்குழாய் ஃபில்டரோடு கழன்று வந்தால், ஃபில்டரை வைஸில் பிடித்து, குழாயின் மேல் இரண்டு நட் போட்டு ஒன்றோடொன்று இறுக்கிக் கழற்றுங்கள். மரைகளைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து, அடாப்டர் பக்கம் போகும் மரையில் மட்டும் ஒரு சொட்டு மரைப் பசை விட்டு இறுக்குங்கள். அடாப்டர் முழுதாகவே தலையிலிருந்து சுழன்று தளர்ந்திருந்தால், வெறுமனே திரும்ப இறுக்கிவிட வேண்டாம். காடியில் உள்ள வளையம் முறுக்கியிருக்கும். இறக்கி, புது வளையம் போட்டு, ஊசியால் காடியைக் குத்திப் பார்த்து, மாட்டுங்கள். ஃபில்டரைக் கையால் மட்டும் திருகுங்கள்.